அக்கா பார்த்து வாங்கிய டிவி

எங்கள் வீட்டு டிவிக்கு இரண்டு ஸ்பீக்கர்கள். ஒன்று பெட்டிக்குள் இருந்தது. இன்னொன்று நான்.

என் அக்காவுக்குக் காது கேட்காது. மூன்று வயதில் வந்த காய்ச்சல் போகும்போது காதையும் கொண்டுபோய்விட்டது என்று அம்மா சொல்வாள். கன்னியாஸ்திரிகள் நடத்திய பள்ளி விடுதியில் தங்கி அக்கா பத்தாவது வரை படித்தாள். அங்கே கை ஜாடையில் பேசக்கூடாது. பேசினால் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். சிஸ்டர் தன் தொண்டையில் இவள் கையை வைத்துக்கொண்டு, கண்ணாடி முன்னால் உட்காரவைத்து, உதட்டைப் பார்த்துப் பேச்சைப் படிக்கப் பழக்கினார். அக்கா கெட்டிக்காரி. எதிரில் இருப்பவர் முகம் தெளிவாகத் தெரிந்தால் போதும், முக்கால்வாசி பிடித்துவிடுவாள். அவளும் வாய்விட்டுப் பேசுவாள். பாதி மூக்கிலிருந்தும் பாதி தொண்டையிலிருந்தும் வரும் அந்தக் குரல் வெளியாட்களுக்கு அவ்வளவாகப் புரியாது. எங்களுக்கு அதில் ஒரு சிரமமும் இருந்ததில்லை.

படிப்பு முடிந்து காரைக்குடிக்கு வந்து, வீட்டிலேயே தையல் மிஷின் போட்டு உட்கார்ந்தாள். தெருவில் பாதிப் பேருக்கு அவள்தான் ரவிக்கை தைத்தாள். ஊசியும் துணியும் அவளுக்கு அடங்கின. டிவிதான் அடங்கவில்லை.

அது கறுப்பு வெள்ளை டிவி. மரப்பெட்டிக்குள் இருக்கும், பார்த்து முடித்ததும் கதவை இழுத்து மூடிவிடலாம். மொட்டைமாடியில் ஆன்டெனா கொடைக்கானலைப் பார்த்து நிற்க வேண்டும். நல்ல காற்றடித்தால் அது தேவகோட்டையைப் பார்க்க ஆரம்பித்துவிடும். சரியாக நின்ற நாளிலும் ஒவ்வொரு முகத்துக்கும் பக்கத்தில் அதே முகம் இன்னொன்று நிழலாக விழுந்திருக்கும். செய்தி வாசிக்கிறவருக்கு இரண்டு வாய், நான்கு உதடு. இதில் எந்த வாயை அக்கா படிப்பாள்? ஞாயிற்றுக்கிழமைகளில் காது கேளாதவர்களுக்கென்று ஒரு செய்தி உண்டு, கையை ஆட்டி ஆட்டிச் சொல்வார்கள். அது தமிழுமில்லை, அந்தக் கை ஜாடையை இவளுக்கு யாரும் சொல்லித்தரவும் இல்லை.

அதனால்தான் நான். டிவிக்குப் பக்கத்தில் ஒரு முக்காலியைப் போட்டு, அக்காவைப் பார்த்து உட்கார்ந்துகொள்வேன். கழுத்தைத் திருப்பித் திரையைப் பார்ப்பேன், பிறகு இங்கே திரும்பிச் சத்தமில்லாமல் வாயசைப்பேன். எட்டாவது படிக்கும்போது ஆரம்பித்தது, கல்லூரி முடித்த பிறகும் நிற்கவில்லை. இன்றைக்கும் என் கழுத்து இடது பக்கம் திரும்புகிற அளவுக்கு வலது பக்கம் திரும்பாது.

என்னைப் பற்றி ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். பொறுமை என்பது எனக்கு மருந்துக்கும் கிடையாது. நாடகத்தில் ஒருத்தி ஐந்து நிமிடம் அழுது புலம்பினால் நான் அக்காவிடம், "அழுகுறா. புருசன் போயிட்டான்" என்பேன், அவ்வளவுதான். சிரிப்புக் காட்சி வந்தால் முதலில் நான் சிரித்து முடிப்பேன், அதற்குள் அடுத்த காட்சி வந்திருக்கும். அக்கா நாங்கள் சிரிப்பதைப் பார்த்துத் தானும் மரியாதைக்குச் சிரித்துவைப்பாள். யாரையாவது செவிடு, ஊமை என்று கேலி பேசினால் அதை மட்டும் வேண்டுமென்றே விழுங்கிவிடுவேன். அது பாசம். மற்றதெல்லாம் சோம்பல்தான். பாசத்தையும் சோம்பலையும் ஒன்றாகப் போட்டு மூடி, அக்காவுக்காக எவ்வளவு செய்கிறேன் என்று எனக்கு நானே பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன்.

தொண்ணூறுகளின் நடுவில் எனக்குக் கல்யாணம் நிச்சயமானது. அக்கா இருக்கும்போது தங்கைக்கா என்று கேட்டவர்களுக்கு அக்காவே பதில் சொல்லிவிட்டாள். அவளைப் பார்க்க வந்த இடமெல்லாம் காப்பி குடித்ததோடு போயிருந்தன. "அவளுக்கு முடிங்க, நான் சேலைக்கு ஓரம் அடிக்கணும்" என்று அப்பாவிடம் சொன்னாள். மாப்பிள்ளைக்குத் திருச்சியில் வேலை. எனக்குப் பிடித்திருந்தது. பிடித்திருந்தாலும் முதல் கவலை இதுதான்: நான் போய்விட்டால் இவளுக்கு யார் வாயசைப்பது?

அப்பா பள்ளிக்கூட வாத்தியார். கணீரென்று பேசுவார், ஆனால் மேலுதட்டை முழுக்க மூடிய மீசை. அந்த மீசைக்குப் பின்னால் நடப்பது அக்காவுக்குத் தெரியாது. அம்மா அதற்கு மேல். முணுமுணுவென்று, உதடு பிரியாமலே ஒரு முழுச் சண்டையைப் போட்டு முடித்துவிடுவாள். இவர்கள் இரண்டு பேரிடம் அக்காவை விட்டுவிட்டுப் போக வேண்டும். சாயந்திரம் ஆறு மணிக்கு மிஷினை மூடினால், அவளுக்கென்று இருந்தது அந்த டிவி ஒன்றுதான்.

எனக்குத் தரும் சீரில் ஒரு கலர் டிவி இருந்தது. அப்பாவிடம் போய், "எனக்கு வேண்டாம், அக்காவுக்கு நல்லதா ஒண்ணு வாங்கிக் குடுங்க" என்றேன். அப்பா பேசும் முன் அம்மா அடுப்படியிலிருந்து சொன்னாள்.

"ரெண்டு வாங்கணும். நான் எப்பவோ சொல்லிட்டேன்."

நான் ஓடிப்போய் அம்மா கன்னத்தில் முத்தம் கொடுத்தேன். கொஞ்சம் யோசித்திருக்க வேண்டும். எங்கள் வீட்டில் எதுவுமே இரண்டாகத்தான் வரும். ஊரில் செட்டியார் வீட்டுக் கல்யாணங்களில் பெண்ணுக்குக் கொடுக்கும் சாமான்களைக் கூடம் முழுக்கப் பரப்பிவைப்பார்கள். அதைப் பார்த்துப் பார்த்து, ஊர் வேதக்காரர்கள் என்று சொல்லும் கிறிஸ்தவர்கள் நாங்களும் மகள் பிறந்த நாளிலிருந்து சாமான் சேர்க்க ஆரம்பித்திருந்தோம். அம்மா எவர்சில்வர் குடம் வாங்கினால் இரண்டு, குத்துவிளக்கு வாங்கினால் இரண்டு. ஒன்றில் அக்கா பெயரை வெட்டுவாள், ஒன்றில் என் பெயரை. மாடி அறையில் அக்காவுடையது ஒரு பக்கம், என்னுடையது ஒரு பக்கம். வருடத்துக்கு இரண்டு தடவை எல்லாவற்றையும் எடுத்துத் துடைத்து, புதுச் செய்தித்தாளில் சுற்றிவைப்பாள்.

செக்காலை ரோட்டில் ஒரு கடைக்கு நான்கு பேரும் போனோம். பிற்பகல் நேரம். அலமாரியில் ஏழு டிவிகள், ஏழிலும் ஒரே கேசட் ஓடிக்கொண்டிருந்தது. தொட்டிக்குள் மீன், பிறகு ரோஜாப்பூ, பிறகு அருவி, மறுபடியும் மீன். கடைக்காரர் நெற்றி நிறைய விபூதியோடு வந்தார்.

"வாங்க சார், வாங்கம்மா. கல்யாணத்துக்கா? இங்குட்டு வாங்க."

அவர் முதலில் செய்த வேலை சத்தத்தைக் கூட்டியது. அலமாரிக் கண்ணாடி அதிர்ந்தது. "கேளுங்க சார், தியேட்டர் கணக்கா இருக்கும்" என்றார். அப்பா தலையை ஆட்டினார். எங்கள் ஊரில் அப்போது டிவி வாங்குகிறவர்கள் எல்லோருமே காதால்தான் வாங்கினார்கள். அவர் ஒவ்வொரு டிவியாகக் கத்தவிட்டுக்கொண்டே போனார். அக்கா ஒவ்வொன்றின் முதுகிலும் உள்ளங்கையை வைத்துப் பார்த்துவிட்டு எடுத்தாள். பிறகு என் கையைப் பிடித்து இழுத்தாள்.

"மீன் வேண்டாம். ஆளு வேணும். பேசுற ஆளு."

நான் அதைக் கடைக்காரரிடம் சொன்னேன்.

"மீனுலதான்மா கலர் நல்லாத் தெரியும்."

"எங்களுக்குக் கலர் தெரிய வேண்டாம்ணே. வாய் தெரியணும்."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, கேசட்டை உருவி, அப்போது ஓடிய டிவி நிகழ்ச்சியைப் போட்டார். ஒரு பெண் மருத்துவர் குழந்தைகளின் வயிற்றுப்போக்கைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். ஏழு டிவியிலும் அதே டாக்டரம்மா.

அப்போதுதான் எனக்கே தெரிந்தது, ஏழு டிவியில் ஏழு டாக்டர்கள் இருக்கிறார்கள் என்று. ஒருத்தி மஞ்சள் குளித்திருந்தாள். ஒருத்திக்கு முகம் தக்காளியாகப் பழுத்திருந்தது. அக்கா அந்தத் தக்காளி முகத்தின் முன்னால் போய் நின்றாள். உதட்டுச் சிவப்பு உதட்டோடு நிற்காமல் வழிந்து தாடை வரை வந்திருந்தது. ரிமோட்டை வாங்கி, கலரைக் குறைத்தாள். குறைத்தாள், குறைத்தாள், டாக்டரம்மா கிட்டத்தட்ட எங்கள் வீட்டு டிவிக்குத் திரும்பிவிட்டார்.

"என்னம்மா, கலர் டிவி வாங்க வந்துட்டுக் கலரை எடுக்குறாக?" கடைக்காரருக்கு மனசே ஆறவில்லை.

அக்கா பல்லைக் காட்டி, நாக்கைத் தொட்டுக் காண்பித்தாள். நான் விளக்கினேன். உதடு பாதிதான் சொல்லும், மிச்சத்தை நாக்கும் கன்னமும் சொல்லும். வாய்க்குள் இருக்கும் இருட்டில் நாக்கு எங்கே போகிறது என்று தெரிய வேண்டும். இந்த டிவியில் பல் வெளிச்சமாகவும் மற்றதெல்லாம் கறுப்பாகவும் இருந்தது. இது வேண்டாம் என்றாள்.

அடுத்து அவர் ஒரு பெரிய டிவியின் மேலிருந்த துணியை எடுத்தார். கடையிலேயே விலை கூடியது. "இது டிஜிட்டல் சார். ஒரு புள்ளி தெரியாது பாருங்க" என்றார். உண்மைதான், கழுவி எடுத்ததுபோல் இருந்தது படம். அப்பா அங்கேயே விழுந்துவிட்டார். அம்மா இது நம்ம கூடத்துக்கு எடுப்பா இருக்கும் என்றாள். அக்கா கிட்டே போனாள், தூரப் போனாள், மறுபடி கிட்டே வந்தாள். உதட்டைப் பிதுக்கினாள்.

"வாய் மூடுனதுக்கப்புறமும் தெறந்தே இருக்கு."

எனக்கு விளங்கவில்லை. மறுபடி சொல்லச் சொல்லிக் கேட்டுவிட்டுத் திரையை உற்றுப் பார்த்தேன். டாக்டரம்மா வாயை மூடிவிட்டார். திறந்த வாயின் சாயல் மட்டும் ஒரு நொடிக்கும் குறைவான நேரம் அங்கேயே தங்கிவிட்டு, பிறகு போனது. ஒரு வார்த்தையின் மேல் அடுத்த வார்த்தை ஏறிக்கொண்டிருந்தது. காதால் கேட்கிறவர்கள் ஒரு ஜென்மத்துக்கும் அதைக் கவனிக்கமாட்டோம். நான் சொன்னதும் கடைக்காரர் திரையில் மூக்கு இடிக்கிற அளவுக்குக் குனிந்து பார்த்தார்.

"அட, ஆமா" என்றார். "இத்தனை நாளா நான் பாத்ததே இல்லையே." பிறகு குரலைத் தாழ்த்தி என்னிடம், "அவுகளுக்குக் காது..." என்று இழுத்தார்.

"கேக்காது."

அதற்குப் பிறகு அந்த மனுஷன் ஆளே மாறிவிட்டார். எல்லா டிவியின் சத்தத்தையும் தானே போய் நிறுத்தினார். தலைக்கு மேலே இருந்த டியூப்லைட்டை அணைத்தார். ரோட்டு வெளிச்சம் திரையில் விழுகிறதென்று ஷட்டரைப் பாதிக்கு இறக்கினார். "வீட்டுல எத்தனை அடி தள்ளி உக்காருவீக?" என்று கேட்டு, தரையில் எட்டடி அளந்து காட்டினார். எங்கள் வீட்டில் இரட்டை இரட்டையாக விழும் கதையை அப்பா சொன்னபோது, "அது பெட்டிக் கோளாறு இல்ல சார், ஆன்டெனா. ஒங்க தெருவுக்குக் கேபிள் வந்திருச்சுல்ல, அதைப் போட்டுருங்க" என்றார். கூடவே நல்ல ஒயராகப் பார்த்து இழுக்கச் சொன்னார்.

கீழ்த்தட்டில் ஒரு இருபது இஞ்ச் டிவி இருந்தது. அதைப் பற்றி அவர் ஒரு வார்த்தையும் பெருமையாகச் சொல்லியிருக்கவில்லை. அக்கா அதற்கு எட்டடி தள்ளி, கடை நடுவில், தரையிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள். கலரைக் குறைத்தாள். வெளிச்சத்தைக் கொஞ்சம் கூட்டினாள். இரண்டு நிமிடம் அசையாமல் பார்த்தாள். பிறகு அவளுடைய அந்தக் குரலில் பேச ஆரம்பித்தாள்.

"ஒரு லிட்டர் தண்ணி. கொதிக்க வச்சு ஆற வைக்கணும். ஆறு ஸ்பூன் சர்க்கரை. அரை ஸ்பூன் உப்பு. நல்லாக் கலக்கணும்."

நான் வாயைத் திறக்கவில்லை. நான் அவளுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். மின்விசிறி வாங்க வந்திருந்த ஒரு தம்பதி பேச்சை நிறுத்திவிட்டுத் திரும்பினார்கள். கடைக்காரர் கடைசி டிவிக்குப் போய்ச் சத்தத்தைத் துளி கூட்டி, காதைப் பக்கத்தில் வைத்துக் கேட்டார்.

"அப்படியே சொல்லுறாக சார்" என்றார் அப்பாவிடம். "ஒரு வார்த்தை மாறல."

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. சந்தோஷம்தான். அதோடு ஒரு குத்தலும் இருந்ததை இப்போது ஒப்புக்கொள்கிறேன். இத்தனை வருடம் கழுத்தைத் திருப்பித் திருப்பி நான் செய்த வேலையை ஒரு இருபது இஞ்ச் பெட்டி இரண்டே நிமிடத்தில் செய்துவிட்டது.

"இதுலயே ரெண்டு குடுத்துருங்க" என்றாள் அம்மா.

வீட்டுக்கு வந்து இறங்கிய இரண்டு அட்டைப் பெட்டிகளும் நேராக மாடிக்குப் போயின. ஒன்று என் பக்கம், ஒன்று அக்கா பக்கம். அம்மா பழைய வேட்டியைக் கிழித்து இரண்டையும் போர்த்தினாள். நான் மாடிக்குப் போய்க் கேட்டேன்.

"அக்கா டிவியை ஏம்மா இங்க வைக்கிற? கூடத்துல வைக்கணும்ல?"

"அது அவ சாமான். இங்கதான் இருக்கும்."

"அவ பாக்கத்தானே வாங்குனோம்?"

"பிரிச்சா பழசாப் போயிரும். நாளைக்கு அவளக் கட்டிக்க வாரவுகளுக்குப் பழசையா குடுக்கச் சொல்ற?"

அம்மா இதைக் கோபமாகச் சொல்லவில்லை. தினமும் சாயந்திரம் ஜெபமாலையில் ஒரு மணியை அக்கா கல்யாணத்துக்கென்றே ஒதுக்கியவள் அவள். அந்தப் பெட்டியைப் பிரித்தால் அக்காவுக்கு இனி இல்லை என்று தன் கையாலேயே ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும். இன்றைக்கு எனக்கு இது புரிகிறது. அன்றைக்கு எனக்கு வந்தது கோபம் மட்டும்தான். படியேறி அக்கா வருவதைப் பார்த்தேன். அவள் பார்க்கக் கூடாதென்று முதுகைத் திருப்பிக்கொண்டு சொன்னேன்.

"எவன்மா வரப்போறான் அவளுக்கு? இருபத்தெட்டு வயசாச்சு. ஒருத்தனும் வரமாட்டான்."

அம்மா முகம் சுருங்கியது. நான் நிமிர்ந்தபோது எதிரே பீரோ. அதன் கண்ணாடியில் அக்கா நின்றுகொண்டிருந்தாள். அவள் கண் என் வாயில் இருந்தது. கண்ணாடியைப் பார்த்துத்தான் அவள் பேச்சைப் படிக்கவே கற்றாள் என்பது எனக்கு அப்போது ஞாபகம் வந்து என்ன பிரயோஜனம்.

அவள் கீழே போய், என் கல்யாண ரவிக்கைக்குக் கொக்கி வைத்தாள். அடுத்த நாள் அவள் முன்னால் போய் நின்று மன்னிச்சிரு என்று வாயசைத்தேன். வாய் நிறையக் குண்டூசி வைத்திருந்தாள். பேச முடியாது என்று கையால் காட்டினாள். வேலை முடிந்ததும் ஊசிகளை எடுத்துவிட்டு, அந்த ரவிக்கையை என் தோளில் வைத்து அளவு பார்த்தாள். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

கல்யாணம் நடந்தது. என் டிவி கூடத்தில் குடங்களுக்கு நடுவே கழுத்தில் பூச்சரத்தோடு ஒரு நாள் உட்கார்ந்திருந்துவிட்டு என்னோடு திருச்சிக்கு வந்தது. புதுக்குடித்தனத்தில் நான் டிவி பார்த்தால் வாய் தானாக அசையும். "என்ன, ஜெபம் பண்றியா?" என்று என் வீட்டுக்காரர் கேட்பார். அக்கா மாதம் ஒரு இன்லண்ட் லெட்டர் எழுதினாள். யாருக்கு என்ன தைத்தாள், மழை பெய்ததா, இவ்வளவுதான் இருக்கும். டிவியைப் பற்றி ஒரு வரி இருக்காது. நானும் கேட்கவில்லை. கேட்க எனக்கு வாய் ஏது?

தலைக் கிறிஸ்துமஸுக்கு வீட்டுக்கு வந்தோம். கதவைத் திறந்தவரைப் பார்த்து ஒரு நொடி திகைத்துவிட்டேன். அப்பா மீசையை எடுத்திருந்தார். மேலுதடு வெயிலே படாமல் குழந்தையுடையதுபோல் வெளுத்துக் கிடந்தது. "நான் என்ன சொன்னாலும் உங்க அக்கா என்ன என்னங்குறா, அதான்" என்றார், கூச்சத்தோடு அந்த இடத்தைத் தடவிக்கொண்டே.

கூடத்தில் அதே கறுப்பு வெள்ளை டிவி. கேபிள் போட்டதில் இரண்டு வாய் ஒரு வாயாகியிருந்தது. ஆனால் டியூப் தேய்ந்துபோன டிவி, சாம்பல் பூசியதுபோல் அந்த ஒரு வாயும் மங்கல். பக்கத்தில் என் முக்காலி. முக்காலியில் அம்மா. உதடு பிரியாமல் பேசுகிற என் அம்மா, பல் மருத்துவரிடம் காட்டுவதுபோல் வாயை அகலத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தாள். வசனத்தையெல்லாம் விட்டுவிட்டுத் தன் அபிப்பிராயத்தைச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"இவ நல்லவ இல்ல. இவ மூஞ்சியப் பாத்தாலே தெரியுது. அந்தா வாரான் பாரு, கிறுக்குப் பய."

அக்கா சிரித்துக்கொண்டிருந்தாள். பிறகு என்னிடம் தனியாகச் சொன்னாள். "அம்மா சொல்லுறது நல்லா இருக்கு. கதைதான் ஒண்ணும் தெரியல."

இதைக் கேட்டு எனக்குச் சிரிப்பு வந்தது. ஒருத்தர் மீசையை எடுக்கிறார், ஒருத்தி இந்த வயதில் வாயைத் திறக்கப் பழகுகிறாள். மாடியில் வேட்டித் துணிக்கு அடியில் அந்த டிவி சும்மா இருக்கிறது. இந்த வீட்டில் அவளுக்காக எதையும் செய்வார்கள், அந்தப் பெட்டியைப் பிரிப்பதைத் தவிர. மறுபடி சண்டை போடலாம் என்று வாயெடுத்தேன். போன தடவை என் வாய் என்ன செய்தது என்று நினைத்து மூடிக்கொண்டேன்.

கிறிஸ்துமஸுக்கு மறுநாள், சாப்பாடு முடிந்து எல்லோரும் சாய்ந்திருந்த நேரம். மாடியில் எதையோ தரையில் இழுக்கும் சத்தம். இழுப்பவளுக்கு அது கேட்காதல்லவா, வீடே அதிர இழுத்தாள். அம்மாவும் நானும் ஓடினோம். அக்கா அந்த அட்டைப் பெட்டியை அறையின் நடுவுக்குக் கொண்டுவந்திருந்தாள். கையில் அவளுடைய துணி வெட்டும் கத்தரிக்கோல். யாராவது அதை வைத்துக் காகிதம் வெட்டினால்கூட மூன்று நாள் பேசமாட்டாள். அந்தக் கத்தரிக்கோலைப் பெட்டியின் டேப் மேல் வைத்திருந்தாள்.

அம்மா அவள் முன்னால் போய் நின்று கையை ஆட்டினாள். "வேண்டாம்த்தா. வேண்டாம்."

"அம்மா, இது யாருக்கு வாங்குனது?"

"ஒனக்குத்தான்."

"எனக்கா, என் கல்யாணத்துக்கா?"

நாமாக இருந்தால் இதைக் கேட்டுவிட்டு வேறு பக்கம் பார்த்துக்கொள்வோம். அக்காவால் அது முடியாது. பதில் எப்போது வந்தாலும் அந்த உதட்டிலிருந்துதான் வர வேண்டும் என்பதால் அவள் அம்மாவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மாவின் உதடு நடுங்கியது. எதுவும் சொல்லாமல் நடுங்கியது. பிறகு அம்மா கீழே உட்கார்ந்தாள். அக்காவுக்குத் தெரிய வேண்டுமென்று வாயை நன்றாகத் திறந்து சொன்னாள்.

"ஒனக்கு."

அக்கா டேப்பை வெட்டினாள். அம்மாதான் தெர்மகோலை இழுத்தாள். தூக்கும்போது, "பாத்து, பாத்து, கீழ போட்டுறாதீக" என்று எங்கள் இரண்டு பேரையும் அதட்டினாள். டிவி கீழே போன பிறகு அம்மா திரும்பி மாடிக்கு வந்ததை நான் பார்த்தேன். வெறும் அட்டைப் பெட்டிக்குள் தெர்மகோலை ஒழுங்காக அடுக்கி, மூடி, அக்கா பக்கத்தில் பழைய இடத்திலேயே வைத்து, வேட்டியைப் போர்த்தினாள். அதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

சாயந்திரம் ஆறு மணிக்கு அக்கா மிஷினை மூடிவிட்டு வந்தாள். எட்டடி தள்ளி உட்கார்ந்தாள். கலரைக் குறைத்தாள். அப்பா ஆட்சேபம் சொல்ல வாயெடுத்து, புதிதாக வெளிப்பட்ட உதட்டைக் கடித்துக்கொண்டார். நாடகம் தொடங்கியது. என் கால் பழக்கத்தில் முக்காலிக்குப் போய்விட்டது. உட்கார்ந்து, கழுத்தைத் திருப்பி, முதல் வசனத்தை வாயசைத்தேன்.

"தள்ளு" என்றாள் அக்கா. "மறைக்குது."

எழுந்து போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். இத்தனை வருடத்தில் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நான் டிவி பார்த்ததில்லை. எப்போதும் எதிரில்தான். திரையில் மாமியாரும் மருமகளும் பேசிக்கொண்டே இருந்தார்கள். அக்கா ஒரு இடத்தில் சிரித்தாள். எங்களுக்கு முன்னால் சிரித்தாள். அம்மா என்னைப் பார்த்தாள், நான் அம்மாவைப் பார்த்தேன்.

விளம்பரம் வந்தபோது அக்கா என் பக்கம் திரும்பினாள்.

"இதுக ரொம்பப் பேசுதுக."

"ஆமாக்கா."

"நீ கொஞ்சமாத்தான் சொல்லுவ."

முகம் சுட்டது. அவளிடம் முகத்தைத் திருப்பிக்கொண்டு பேச முடியாது. "எப்பத் தெரியும்?" என்று கேட்டேன்.

"அப்பவே தெரியும். அதுக வாய் ரொம்ப நேரம் அசையும். நீ மூணு வார்த்தை சொல்லிட்டு நிப்பாட்டிருவ."

"பெறகு ஏங்க்கா ஒரு நாளும் கேக்கல?"

அவள் குறையாகச் சொல்லவில்லை, மழை வரும்போல இருக்கு என்று சொல்கிற மாதிரிதான் சொன்னாள்.

"கேட்டா நீ எந்திரிச்சுப் போயிருவ."

போயிருப்பேன் என்பது எங்கள் இரண்டு பேருக்குமே தெரியும். விளம்பரம் முடிந்து நாடகம் மறுபடி தொடங்கியது, அவள் திரும்பிக்கொண்டாள். கதை எனக்கு ஓடவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். திரையில் பேசுகிறவர்களோடு சேர்ந்து அவள் உதடும் மெல்ல அசைந்துகொண்டிருந்தது, ஒரு வார்த்தைகூட விடாமல்.